பெரிய வெள்ளித் தண்ணீர்

"அன்னைக்குத் தோட்டத்துல ஏம்மா ஆளே இல்லை?"

சேலம் நுகர்வோர் நீதிமன்றத்தில் கம்பெனி வக்கீல் ஜெயமேரியிடம் கேட்ட கேள்வி இது. கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் ஜீப் ஓட்டுகிறவன். ஏற்காட்டுக்கும் மாரமங்கலத்துக்கும் இடையில் ஆளையும் மூட்டையையும் ஏற்றி இறக்குகிற அமீர் ஜான். அங்கே வாயைத் திறக்க எனக்கு உரிமை கிடையாது. இருந்திருந்தால் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருப்பேன். ஆளே வேண்டாம் என்று சொல்லித்தானே ஐயா அந்தச் சாமானை விற்றீர்கள்?

என் வீட்டுக்காரி ஜரீனா சொல்வாள், உங்களுக்குக் கோபம் வந்தால் கதையைப் பாதியில் ஆரம்பிப்பீர்கள் என்று. சரி, முதலிலிருந்தே சொல்கிறேன்.

மாரமங்கலத்துக்கு மேலே, பஸ் திரும்புகிற இடத்தைத் தாண்டி, ஜெயமேரியின் தோட்டம். அவள் அப்பா அவளுக்குக் கொடுத்தது. சில்வர் ஓக் நிழலில் காப்பி, மரத்தைச் சுற்றி மிளகுக் கொடி. ரோட்டோரமாக வீடு, வீட்டுக்குப் பின்னால் சரிவில் நான்கு பாகமாகச் செடிகள் இறங்கிப்போகும். அடியில் ஒரு ஓடை. வீட்டுக்காரர் சிங்கராயர் பக்கத்து எஸ்டேட்டில் கவாத்து வேலைக்குப் போகிறார். அந்தக் கூலி சோற்றுக்குச் சரியாகப் போகும். மகள் ஃபெபியின் நர்ஸ் படிப்பு, கூரை, நல்லது கெட்டது எல்லாம் வருடத்துக்கு ஒருமுறை வருகிற காப்பியில்தான். காப்பி இல்லாத வருடம் அந்த வீட்டில் வருடமே இல்லை.

காப்பிக்குப் பங்குனியில் ஒரு பூ மழை வேண்டும். அதுவரை மொட்டு வெயிலைத் தாங்கிக்கொண்டு சும்மா காத்திருக்கும். நன்றாக ஒரு மழை நனைத்துவிட்டால் பத்து நாளைக்குள் கிளையெல்லாம் வெள்ளையாகிவிடும். ஜீப்பின் கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் வாசனை உள்ளே வரும். மழை வரவில்லை என்றால் குட்டைத் தண்ணீரை மோட்டார் வைத்து ஏற்றித் தெளிப்பான் வழியாக விடவேண்டும். விட்டால் முழுசாக விடவேண்டும். அரைகுறையாக நனைத்தால் மொட்டு எழும்பிவிடும், விரியச் சத்து இருக்காது. பச்சையும் ரோசுமாக விறைத்து நின்று கருகிக் கொட்டும். ஒன்றும் விடாமல் இருந்தாலாவது அடுத்த மழைக்குப் பொறுத்திருக்கும். இது எங்கள் மலையில் எல்லோருக்கும் தெரியும். கம்பெனிக்கும் தெரியும், அவர்கள் கொடுத்த வண்ண நோட்டீசிலேயே இதைப் படம் போட்டு எழுதியிருந்தார்கள்.

அந்த மேட்டுக்கு மோட்டார் ஓடுகிற அளவுக்குக் கரண்ட் வருவது வெள்ளிக்கிழமை பகலில்தான். குட்டைத் தண்ணீரோ ஒரு தடவை விடத்தான் காணும். இந்த நிலைமையில்தான் ஸ்டெபின் வந்தான். சேலத்துப் பையன், தானாகத் தண்ணீர் விடுகிற சாமான் விற்கிற கம்பெனியின் விற்பனை ஆள். நான்தான் ஜீப்பில் கொண்டுபோய் இறக்கினேன். நல்ல பேச்சு, நல்ல சிரிப்பு. ஜெயமேரி களி கிண்டி மொச்சைக் குழம்பு ஊற்றினாள், வழித்துச் சாப்பிட்டான்.

"ஏனுங்க ஆன்ட்டி, வெள்ளிக்கெழமதான உங்க மேட்டுக்குக் கரண்டு? நடுவுல பெரிய வெள்ளி வந்தா என்ன பண்ணுவீங்க?"

"உட்டுருவோம் சாமி. அடுத்த வெள்ளி பாத்துக்குவோம். எங்கூட்ல அன்னைக்கி இரும்பத் தொடமாட்டோம். மம்முட்டி, அருவா ஒண்ணும் கூடாது. என்ற அப்பா காலத்துல இருந்து அப்புடித்தான். மோட்டார் சுச்சுக்கூடப் போடமாட்டோம்."

"நீங்க எதுக்குத் தொடணும்? வியாழக்கெழமையே போன்ல போட்டு வெச்சிருங்க. வெள்ளிக்கெழம கரண்டு வந்ததும் அது பாட்டுக்கு மோட்டாரப் போடும், ஒவ்வொரு பாகமாத் தொறந்து மூடும். முடிஞ்சதும் போன்ல பச்சை டிக் வரும். நீங்க கோயில்ல இருங்க, தண்ணி தோட்டத்துல இருக்கும்." கையைக் கழுவிக்கொண்டே சொன்னான். "எங்கம்மாவும் அன்னைக்கி ஒண்ணும் தொடமாட்டாங்க ஆன்ட்டி. எனக்குத் தெரியாதுங்களா?"

அந்தக் கடைசி வார்த்தையில்தான் ஜெயமேரி விழுந்தாள். நம்ம சனம், நம்ம வழக்கம் தெரிந்த பையன். மோட்டாரையும் வால்வையும் இயக்குகிற பெட்டியை வாங்கித் தூணில் மாட்டினார்கள், வால்வுக்கு ஒயர் இழுத்தார்கள். அதை ஓட்டுகிற மென்பொருளுக்குத் தனியாகப் பணம். ஃபெபியின் போனில் அதை ஏற்றியபோது இங்கிலீசில் ஏதோ எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது, முடிவே இல்லாமல். அடியில் 'சம்மதம்' என்று ஒரு பட்டன். "அது சும்மா பார்மாலிட்டி, அமுக்கு கண்ணு" என்றான் ஸ்டெபின். அமுக்கினாள். பெற்ற தாய் சோறு போட்டுக்கொண்டிருக்கிறாள், அந்த நேரத்தில் எந்தப் பிள்ளை இருபது பக்கம் படிப்பாள்?

அந்த வருடம் பூ மழை நேரத்துக்கு வரவில்லை. மொட்டு பழுத்து நின்ற வாரத்தில் பெரிய வெள்ளி வந்தது. அதற்கு முன்பெல்லாம் என்றால் ஒரு வாரம் தள்ளிப் போட்டிருப்பார்கள். அந்தத் தடவை வியாழக்கிழமை மாலை ஃபெபி போனில் நேரம் குறித்துவிட்டு, அம்மாவோடு கோயிலுக்குப் போனாள்.

மாரமங்கலத்தில் பெரிய வெள்ளி அன்று சிலுவைப்பாதை ரோட்டிலேயே நடக்கும். கோயிலிலிருந்து புறப்பட்டு மேடேறி, ஒவ்வொரு ஸ்தலத்துக்கும் ஒரு வீட்டு வாசலில் நின்று முழங்கால் போட்டு ஜெபம் செய்வார்கள். அன்றைக்கு மணி அடிப்பதில்லை, மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு போவார்கள். ஒன்பதாவது ஸ்தலம் ஜெயமேரி வாசலில். இயேசு சிலுவையோடு மூன்றாம் தடவை விழுகிற இடம் என்று எனக்குச் சொல்லியிருக்கிறாள். அந்த வாசலில் அவள் முழங்கால் போட்டிருந்தபோது, வேலிக்குப் பின்னால் மேல் பாகத்தில் தெளிப்பான் சுற்றுகிற சத்தம் கேட்டதாம். "கேட்டதும் எனக்கு நொம்ப சந்தோசமுங்கண்ணா. ஆண்டவரே, நானும் இங்க இருக்கறேன், தண்ணியும் அங்க இருக்குதுன்னு நெனச்சன்" என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். சாயங்காலம் ஃபெபியின் போனில் நான்கு பாகத்துக்கும் பச்சை டிக் வந்தது.

ஈஸ்டர் முடிந்து திங்கட்கிழமை சிங்கராயர் மம்மட்டியோடு இறங்கினார். மேல் மூன்று பாகத்திலும் மண் மேலாக்கத்தான் ஈரம், விரலால் கீறினால் உள்ளே புழுதி. கடைசிப் பாகம் சேறாகக் கிடந்தது. வரப்பு உடைந்து, உரமிட்ட மண் ஓடைக்குள் போயிருந்தது. குட்டையில் தவளை உட்காருகிற அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. அதற்கு முந்தின வாரம் கம்பெனி மென்பொருளைப் புதுசாக மாற்றியிருக்கிறது. புதுசு மூன்று பாகத்தையும் சும்மா தொட்டுவிட்டு, கடைசி வால்வைத் திறந்து, மூடவே மறந்துவிட்டது. நான்குக்கும் பச்சை டிக் போட மட்டும் மறக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து நான் மிளகு மூட்டை எடுக்கப் போயிருந்தேன். பக்கத்துத் தோட்டக்காரர்கள் அந்த வெள்ளி தண்ணீர் விடவில்லை. அடுத்த வாரம் மழை பெய்து, அவர்கள் செடியெல்லாம் பூத்துக் கிடந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் ஜெயமேரி ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மொட்டெல்லாம் ரோசு நிறத்தில் விறைத்திருந்தது. லேசாக உதறினாள், கையில் கொட்டியது. அழவில்லை. "அண்ணா, இதுக்கு யாருங்க பொறுப்பு?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குத்தான் ஒரு வருடமாகப் பதில் தேடுகிறோம்.

கம்பெனிக்குப் போன் போட்டால் ஒரு பெண் குரல் எண்ணை அமுக்கச் சொல்லும். அமுக்கினால் பாட்டுப் போடும். கடைசியில் ஒருத்தன் வந்து, பெட்டியை அணைத்துப் போடுங்கள் என்பான். காப்பி கருகிக் கிடக்கிறது, பெட்டியை அணைத்துப் போட்டால் பூக்குமா? பிறகு ஒரு மெயில் வந்தது. புது மாற்றத்தில் சில வாடிக்கையாளர்களுக்கு வால்வு வரிசையில் கோளாறு ஏற்பட்டது, அதைச் சரிசெய்துவிட்டோம், சிரமத்துக்கு வருந்துகிறோம். அவ்வளவுதான். ஃபெபி அதைத் தமிழில் சொன்னபோது சிங்கராயர் மட்டும் ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறுபடி கேட்க விரும்பவில்லை.

சேலத்தில் பிரிஸ்கில்லா என்று ஒரு வக்கீல் பெண், பங்குச்சாமியார் சொல்லி வழக்கை எடுத்தாள். எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று முதலிலேயே எங்களுக்குச் சொல்லிவிட்டாள். "சம்மதம் அமுக்கியிருக்கீங்க. அதுல என்ன நஷ்டம் வந்தாலும் மென்பொருள் விலைக்கு மேல பொறுப்பில்லைன்னு போட்டிருக்காங்க. இது ஒருதலையான ஒப்பந்தம், செல்லாதுன்னு நான் வாதாடறேன். ஆனா லேசுல விடமாட்டாங்க."

விடவில்லைதான். கம்பெனி வக்கீல் அடுக்கினார். பெட்டி நன்றாக இருக்கிறதாம், மோட்டார் நன்றாக இருக்கிறதாம், வால்வு நன்றாக இருக்கிறதாம். மென்பொருள் என்பது பொருளே இல்லையாம், அதைக் கம்பெனி விற்கவே இல்லையாம், பயன்படுத்திக்கொள்ள அனுமதிதான் கொடுத்ததாம். அடேயப்பா, பொருளே இல்லாததற்கு ரசீது போட்டு வாங்கினீர்களே, அது எந்த ஊர் நியாயம்? காப்பி விற்பது வியாபாரமாம், அதனால் ஜெயமேரி நுகர்வோரே இல்லையாம். "சொந்தப் பொழைப்புக்கு வாங்கினாங்க, அதுக்குச் சட்டத்துல இடமிருக்கு" என்று பிரிஸ்கில்லா எழுந்தாள். அப்போதுதான் அவர் ஜெயமேரி பக்கம் திரும்பி, தோட்டத்தில் ஏன் ஆள் இல்லை என்று கேட்டார். ஒப்பந்தத்தில் இருக்கிறதாம், இயங்கும்போது ஆள் கூட இருக்கவேண்டும் என்று.

அவங்களே சொல்லட்டும் என்றார் நீதிபதி. ஜெயமேரி எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"அன்னைக்கிப் பெரிய வெள்ளிங்க ஐயா. நான் சிலுவைப்பாதையில இருந்தனுங்க. அவங்க அனுப்புன தம்பி, நீங்க கோயில்ல இருங்க, இது பாத்துக்கும்னு சொல்லித்தான் குடுத்துச்சுங்க. சொல்லலைன்னா அந்த வாரம் நான் தண்ணியே உட்டிருக்கமாட்டன். மொட்டு பொறுத்திருக்கும். அடுத்த வாரம் மழை வந்துச்சுங்க."

"அப்படி ஒருத்தர் சொன்னதா எங்க ரெக்கார்டுல எதுவும் இல்லை" என்றார் வக்கீல். "சரி, மழையே வரலைன்னாலும் நஷ்டம்தான் வந்திருக்கும். அப்ப யார் மேலம்மா கேஸ் போடுவீங்க?"

"மழை வராம இருந்துட்டு, வந்துட்டேன்னு எனக்குப் போன்ல சொல்லாதுங்களே."

நீதிபதி தலையைக் குனிந்து எதையோ எழுதினார். பிறகு வாய்தா போட்டார்கள். அதற்குப் பிறகும் வாய்தா, அதற்குப் பிறகும் வாய்தா. ஒவ்வொரு தடவையும் கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கிப் போவோம், கம்பெனி வக்கீலுக்கு வேறு கோர்ட் இருக்கும், ஏறி வருவோம்.

தை கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டெபின் என் ஜீப்பில் ஏறினான். சிரிப்பு இல்லை. மடியில் ஒரு கவர். வீட்டுக்குள் போனதும் சிங்கராயர் நாற்காலி போட்டார், ஜெயமேரி நிலைப்படியிலேயே நின்றாள். களி கிண்டவில்லை.

"ஆன்ட்டி, கம்பெனில சமாதானமாப் போலாம்ங்கறாங்க" என்றான். "மென்பொருள் விலைய முழுசாத் திருப்பித் தந்தர்றாங்க. அடுத்த வருசத்துக்கு இலவசம். இதுல ஒரு கையெழுத்து மட்டும்."

ஃபெபி வாங்கிப் படித்தாள். படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். "அம்மா, உபயோகிப்பவர் தோட்டத்தைக் கவனிக்காமல் விட்டுச் சென்றதால் இழப்பு ஏற்பட்டதுன்னு ஒத்துக்கச் சொல்லுது."

"போட்டுரு" என்றார் சிங்கராயர்.

"என்னங்க?"

"போட்டுருன்னேன். எத்தன தடவ எறங்கி ஏறுறது? ஒவ்வொரு வாய்தாவுக்கும் எஸ்டேட்டுல லீவு கேக்கறேன், அந்தக் கணக்கெழுதற ரைட்டர் என்னைய மேலயும் கீழயும் பாக்கறான். அவங்கிட்ட ஆளு இருக்குது, படிப்பு இருக்குது. நாம செயிக்கவா போறோம்? கையெழுத்துப் போட்டா நீ தேஞ்சா போயிருவ?"

"தேயமாட்டனுங்க. கோயிலுக்குப் போனது தப்புன்னு எழுதிக் குடுக்கமாட்டன்."

"கோயில்னு அதுல எங்க இருக்குது?"

"கவனிக்காம எங்க போனன் நானு? சினிமாவுக்கா போனன்?" அவள் குரல் ஏறவில்லை. ஸ்டெபின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு சாமி. அன்னைக்கி நீ எங்க இருந்த?"

அவன் தரையைப் பார்த்தான். "கோயில்லதான் ஆன்ட்டி."

"உங்கம்மா?"

"அவங்களுந்தான்."

"அப்ப ஊட்டக் கவனிக்காம உட்டுட்டுப் போயிருக்காங்க. இந்தத் தாள்ல மொதல்ல உங்கம்மாகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வா. அதுக்குக் கீழ நான் போடறன்."

சிங்கராயர் எழுந்து வெளியே போய் பீடி பற்றவைத்தார். ஸ்டெபின் கவரை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"நீ சொன்னத நீ வந்து கோர்ட்டுல சொல்லு. எனக்கு அது போதும்" என்றாள் ஜெயமேரி.

"சொன்னா என்ற வேலை போயிரும் ஆன்ட்டி. இப்பத்தான் தங்கச்சிக்குப் பேசி வெச்சிருக்குது."

"சரி, போ."

அந்தச் 'சரி'யில் ஒரு வசவு இருந்திருந்தால்கூடத் தேவலை. இல்லை. ஸ்டெபின் வெளியே வந்து என் ஜீப்பில் ஏறக் கால் வைத்தான். வண்டியை எடுத்துவிட்டேன். ஏற்காட்டுக்குச் சாயங்காலம் பஸ் இருக்கிறது, காத்துக் கிட என்று கண்ணாடி வழியாகச் சொன்னேன். செய்தது மரியாதை இல்லை என்று ஜரீனா ரெண்டு நாள் என்னைத் திட்டினாள். திட்டிவிட்டுப் போகட்டும்.

இந்த வருடமும் பூ மழை இல்லை. குட்டை மட்டும் ஐப்பசி மழையில் நிரம்பியிருந்தது. மொட்டு பழுத்து நிற்க, பெரிய வெள்ளிக்கு முந்தின வெள்ளி பார்த்து டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனது. அதைச் சரிசெய்து கரண்ட் வருவது பெரிய வெள்ளி அன்று. அதற்கடுத்த வாரம் வரை தாங்காது, வெயில் அப்படி. இரண்டாவது வருடமும் காப்பி போனால் ஃபெபி படிப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வரவேண்டியதுதான். அதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கம்பெனிப் பெட்டி இன்னும் தூணில் இருக்கிறது. வழக்கு முடிகிறவரை கழற்றக் கூடாது என்று பிரிஸ்கில்லா சொல்லியிருக்கிறாள். ஒயரை மட்டும் வால்விலிருந்து பிடுங்கிவிட்டார்கள். பச்சை விளக்கு அது பாட்டுக்குக் கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறது.

வியாழக்கிழமையே நான் போய்ச் சொன்னேன். "ஏம்மா, நான் வந்து தொறந்து மூடறேன். எனக்கென்ன இரும்பு ஆகாதா? பகல் தொழுகைய இங்கயே ஒரு ஓரமாத் தொழுதுக்கறேன். நீ சிலுவைப்பாதைக்குப் போ."

"வேண்டாங்கண்ணா."

"எதுக்கு வீம்பு?"

"வீம்பில்லீங்க." வால்வின் சக்கரத்துக்குத் தேங்காயெண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். துருப் பிடித்திருந்தது. "ஒரு வருசத்துக் காப்பி போச்சு. அது இந்த வருசம் இல்லைன்னா வர்ற வருசம் வரும். என்ற பெரிய வெள்ளிய எடுத்துக்கிட்டாங்களே, அத எவன் திருப்பித் தருவான்? நீங்க வந்து தொட்டா அவங்களுக்கு அது தெரியாமயே போயிரும். நானே தொடறேன். நான் தொட்டது ஆண்டவருக்கும் தெரியட்டும், அவங்களுக்கும் தெரியட்டும்."

இருந்தாலும் வெள்ளிக்கிழமை காலையில் போனேன். அன்றைக்குக் கோயிலில் ஊற்றுகிற கஞ்சிக்கான அண்டாவை இறக்கிவிட்டு நேரே தோட்டத்துக்குப் போனேன். கோயிலுக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலையைக் கட்டியிருந்தாள், முழங்கால் வரை தூக்கிச் செருகியிருந்தாள். கரண்ட் வந்ததும் அவளே போய் மோட்டாரைப் போட்டாள். சுவிட்சில் கை வைத்தபோது ஒரு நொடி கண்ணை மூடினாள், நான் பார்த்தேன். மேல் பாகம் ஓடியது. மண்ணைக் கையால் தோண்டிப் பார்த்து, உள்ளே வரை நனைந்த பிறகுதான் அதை மூடினாள். இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து மரக்கட்டைச் சத்தம் கேட்டது.

ஊர்வலம் வாசலுக்கு வந்தது. சிங்கராயர் கூட்டத்தில் தலையைக் குனிந்து நின்றார், பக்கத்தில் ஃபெபி. வேலிக்குள் ஜெயமேரி வால்வைப் பிடித்துக்கொண்டு நிற்பதை எல்லோரும் பார்த்தார்கள். இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெபம் நடத்துகிற உபதேசியார் புத்தகத்தைத் திறந்தவர் ஒருதரம் மூடி மறுபடி திறந்தார். அப்புறம் ஒன்பதாம் ஸ்தலம் என்று வாசித்தார்.

ரோட்டில் எல்லோரும் முழங்கால் போட்டார்கள். வேலிக்குள் ஜெயமேரியும் போட்டாள், சேற்றில், வெள்ளைச் சேலையோடு. ஒரு கை நெஞ்சில், இன்னொரு கை இரும்புச் சக்கரத்தில். தெளிப்பான் சுற்றி வந்து அவள் முதுகில் தண்ணீரை அடித்துவிட்டுப் போனது. அவள் விலகவில்லை. ஜெபம் முடிந்து பாட்டு நகர்ந்தது. அவள் தலையைத் திருப்பி, சிலுவை வளைவில் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள். மண்ணைத் தோண்டிப் பார்த்தாள். இரண்டாவது வால்வை மூடி, மூன்றாவதைத் திறந்தாள். சக்கரம் பிடித்துக்கொண்டது, இரண்டு கையாலும் திருகினாள்.

நான் கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். தண்ணீர் குழாய்க்குள் இறங்குகிற சத்தம் கேட்டதும் நிமிர்ந்து, முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த வாய்தாவுக்குப் போறப்ப அந்த வக்கீல்கிட்டச் சொல்லுங்கண்ணா" என்றாள். "இந்த வருசம் தோட்டத்துல ஆளு இருந்துச்சுன்னு."